ஒரு நொடியில் முடிந்த பட்டம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. செஸ் ஆடத் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். வேண்டிய விளக்கத்தை நடுநடுவே சொல்லிவிடுகிறேன். 30 வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு விளக்காமல் இருக்க வராது.

விஷயம் 2008-இல் நடந்த ஒரு ஆட்டம். அந்த வருடம் மே மாதம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரத்தில், அந்த நாட்டின் பெண்கள் செஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. இரினா க்ருஷ், அன்னா ஸடோன்ஸ்கிக் என்ற இருவரும் முதலிடத்தில் சமமாக நின்றார்கள். இருவருமே உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். இரினா 14 வயதிலேயே, 1998-இல், அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் ஆனவர். 2007-இல் மறுபடியும் வென்றிருந்தார். அன்னா 2006-இல் வென்றவர். சம பலம் உள்ள இரண்டு பேர்.

பல நாள் உட்கார்ந்து, மணிக்கணக்கில் யோசித்து ஆடியும் இருவரையும் பிரிக்க முடியவில்லை. டை பிரேக் வைத்தார்கள். வேகமான ஆட்டங்களிலும் சமம். கடைசியில் 'அர்மகெடான்' என்று ஒரு ஆட்டம் வைத்தார்கள். இந்த ஒரே ஆட்டத்தோடு கதை முடிந்துவிட வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கிய முறை அது. இதை முதலில் புரிந்துகொள்வோம்.

செஸ்ஸில் டிரா உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை ஆட்டம் வைத்தாலும் டிரா ஆகிக்கொண்டே போனால் என்ன செய்வது? அதற்காக வெள்ளைக் காய்க்கு அதிக நேரம் கொடுப்பார்கள், கருப்புக் காய்க்குக் குறைவாகக் கொடுப்பார்கள். பதிலுக்குக் கருப்புக்கு ஒரு சலுகை. ஆட்டம் டிரா ஆனால் கருப்பு ஜெயித்ததாகக் கணக்கு. வெள்ளை ஜெயித்தே ஆக வேண்டும். டல்சாவில் வெள்ளைக் காயோடு இரினாவுக்கு 6 நிமிடம். கருப்புக் காயோடு அன்னாவுக்கு நாலரை நிமிடம். மொத்த ஆட்டத்துக்கும் அவ்வளவுதான். ஒரு டீ போட்டு இறக்கும் நேரம்.

இன்னொரு விவரமும் முக்கியம். அந்தக் கடிகாரத்தில் கூடுதல் நொடி கிடையாது. இன்று பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி, மூன்று நொடி, பத்து நொடி என்று ஆடுபவரின் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். 'இன்கிரிமென்ட்' என்பார்கள். டல்சா ஆட்டத்தில் அது இல்லை. கொடுத்த நேரம் கரைந்துகொண்டே போகும். கரைந்தது திரும்பி வராது.

அந்த ஆட்டத்தின் காணொளி இன்றும் யூடியூபில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். இருவரின் கைகளும் பலகைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே பறக்கின்றன. அங்கே யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. எடு, வை, அழுத்து. எடு, வை, அழுத்து. முடிவில் இரினாவின் நேரம் தீர்ந்தது. அன்னாவின் கடிகாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்காக அன்னா 2008-இன் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன்.

தோற்ற கோபத்தை இரினா மறைக்கவில்லை. அதுவும் காணொளியில் பதிவாகிவிட்டது. பிறகு அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். தான் கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்பே அன்னா அடுத்த காயை நகர்த்திவிட்டார், எனவே இருவரையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. பட்டம் அன்னாவிடமே நின்றது.

இந்தக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். செஸ்ஸில் ஒருவர் காயை நகர்த்தி, கையை எடுத்து, அதன் பிறகு தன் பக்கத்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அப்போது அவர் நேரம் நின்று, எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். கையை எடுப்பதற்கும் கடிகாரத்தைத் தொடுவதற்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பு இருக்கிறது அல்லவா, அந்த இடைவெளியில் எதிராளி தன் காயை நகர்த்திவிட்டால் என்ன ஆகும்? அவருடைய நகர்த்தலுக்கு அவர் நேரத்திலிருந்து ஏறக்குறைய எதுவும் செலவாகாது. உங்கள் பணத்தில் அவர் பஸ் டிக்கெட் எடுத்த மாதிரி. நிதானமான ஆட்டத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. இருவரிடமும் ஐந்து நொடி மிச்சம் இருக்கும்போது இதுதான் எல்லாம்.

இதை வைத்து உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அன்னா செய்தது நியாயமா, இரினா மடல் எழுதியது நியாயமா, யாருக்குப் பண்பு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்களும் குற்றவாளிகள் இல்லை. அவர்களை அப்படி ஒரு கடிகாரத்தின் முன்னால் உட்கார வைத்தவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு சின்ன கணக்குப் போடலாம். இருவரிடமும் பத்துப் பத்து நொடி இருக்கிறது. காயை எடுத்து வைத்துக் கடிகாரத்தை அழுத்த ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்து நகர்த்தல். யோசிக்க ஒதுக்கிய நேரம் எவ்வளவு? பூஜ்யம். அப்படியானால் அந்தக் கடைசிப் பத்து நகர்த்தலில் சோதிக்கப்படுவது எது? விரல்களின் வேகம். கடிகாரம் வலது பக்கம் இருக்கிறதா இடது பக்கம் இருக்கிறதா என்பது. யாருடைய கை நீளம் என்பது. இதில் அர்மகெடான் விதியையும் சேர்த்துப் பாருங்கள். டிரா ஆனாலே வெள்ளை தோற்கும். எனவே வெள்ளைக்கு வேறு வழியே இல்லை. நிலை எப்படி இருந்தாலும் நகர்த்திக்கொண்டே இருந்து, எதிராளியின் நேரம் தீரும் வரை இழுத்தே ஆக வேண்டும். நகர்த்தலை மூளையிடமிருந்து பிடுங்கிக் கையிடம் கொடுப்பது விதியேதான்.

ஆசிரியர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கணக்குப் பரீட்சை நடக்கிறது. இரண்டு பிள்ளைகள் சம மதிப்பெண். முதல் ரேங்க் யாருக்கு என்று முடிவு செய்ய, அடிஷனல் ஷீட்டில் யார் சீக்கிரம் நூல் கட்டினார்கள் என்று பார்க்கிறோம். நூல் கட்டுவதும் பரீட்சை ஹாலில் நடக்கும் வேலைதான். இருவருக்கும் ஒரே நூல், ஒரே தாள், ஒரே மணி. அதற்காக அது கணக்குப் பரீட்சை ஆகிவிடுமா?

"அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை டீச்சர்" என்று சொல்ல முடியாது. கூடுதல் நொடி தரும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1988-இலேயே அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அடுத்த வருடம் வாங்கியும்விட்டார். 1992-இல் அவரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தில்தான் ஆடினார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒருவர் நேரம் இல்லாத ஒரே காரணத்தால் தோற்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். டல்சா ஆட்டம் நடந்தபோது அந்த யோசனைக்கு 20 வயது. மருந்து அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அதே 2008-இல் இன்னொரு ஆட்டம். இதையும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

ரஷ்யாவில் நால்சிக் என்ற நகரத்தில் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நாக் அவுட் முறையில் நடந்தது. நம் கொனேரு ஹம்பி அரையிறுதி வரை போன போட்டி. முதல் சுற்றில் போலந்தின் மோனிகா சோச்கோவும் ருமேனியாவின் சபீனா ஃபொய்ஷோரும் மோதினார்கள். அங்கேயும் சமம், அங்கேயும் அர்மகெடான். மோனிகா வெள்ளை, ஜெயித்தே ஆக வேண்டும். சபீனாவுக்கு டிரா போதும். காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, கடைசியில் பலகையில் ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு குதிரை. அந்த நிலையில் சபீனாவின் நேரம் தீர்ந்தது.

நடுவர் டிரா என்றார். ஒரு குதிரையை வைத்துக்கொண்டு யார் யாரை மேட் செய்ய முடியும் என்று நமக்கும் தோன்றும். டிரா என்றால் சபீனா அடுத்த சுற்றுக்குப் போகிறார், மோனிகா வீட்டுக்குப் போகிறார். ஆனால் மோனிகா எழுந்து போகவில்லை. விதி அப்படிச் சொல்லவில்லை என்று முறையிட்டார்.

விதி என்ன சொல்கிறது? நேரம் தீர்ந்தவர் தோற்றார். எதிராளியால் எந்த வழியிலும், எவ்வளவு மோசமாக ஆடினாலும், மேட் செய்யவே முடியாது என்றால் மட்டும்தான் டிரா. ராஜாவும் குதிரையும் ஒரு தனி ராஜாவை மேட் செய்யவே முடியாது. அது டிரா. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு குதிரை இருந்தால்? ராஜா மூலையில் போய் உட்கார்ந்து, அவருடைய சொந்தக் குதிரையே பக்கத்துக் கட்டத்தை அடைத்துக்கொண்டால், எதிராளியின் ராஜாவும் குதிரையும் மேட் கொடுக்க முடியும். வீட்டில் பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள். கருப்பு ராஜாவை மூலையில் வையுங்கள். ஓரத்து வரிசையில் அதன் பக்கத்தில் கருப்புக் குதிரை. அந்தக் குதிரைக்கு நேர் எதிரே ஒரு கட்டம் விட்டு வெள்ளை ராஜா. இனி வெள்ளைக் குதிரை வந்து செக் சொல்ல ஒரு கட்டம் இருக்கும். வந்தால் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. யாரும் வேண்டுமென்றே இப்படி ஆட மாட்டார்கள். ஆனால் விதி கேட்பது "நடக்குமா" என்று இல்லை, "நடக்க முடியுமா" என்றுதான். முடியும். முறையீடு ஏற்கப்பட்டது. மோனிகா அடுத்த சுற்றுக்குப் போனார்.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனித்தீர்களா? சபீனாவிடம் அந்தக் குதிரை இல்லாமல் வெறும் ராஜா மட்டும் இருந்திருந்தால் ஆட்டம் டிரா, அவர்தான் முன்னேறியிருப்பார். கூட ஒரு காய் இருந்ததால் தோற்றார்!

மோனிகா செய்ததைப் பெண் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் அழவில்லை, கத்தவில்லை, பெரியவர் சொல்லிவிட்டார் என்று தலையைக் குனிந்துகொண்டும் போகவில்லை. விதிப்புத்தகம் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தெரிந்தபடி கேட்டார். நாம் பிள்ளைகளுக்கு ஓபனிங் சொல்லித் தருகிறோம், எண்ட் கேம் சொல்லித் தருகிறோம். நடுவரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த விதியின் கீழ் முறையிட வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லித் தருகிறோம்?

ஆனாலும் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் ஒரு நாட்டின் பட்டம். இன்னொன்றில் உலகப் போட்டியில் ஒரு வருடத்துக் கனவு. இரண்டையும் தீர்மானித்தது செஸ் இல்லை, கடிகாரம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி சேர்ந்திருந்தால், டல்சாவில் ஒரு நொடி மிச்சமா என்ற கேள்வியே எழுந்திருக்காது. நால்சிக்கில் ராஜாவையும் குதிரையையும் வைத்துக்கொண்டு நேரம் தீரும் வரை ஓட வேண்டியிருந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு "டீச்சருக்கு பிளிட்ஸ் பிடிக்காது போல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளிட்ஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று நிமிட ஆட்டம் ஒன்றும் மட்டமான ஆட்டம் இல்லை. வருடக்கணக்கில் படித்ததெல்லாம் விரல் நுனிக்கு வந்து நிற்க வேண்டும். பார்த்தவுடன் ஆபத்து தெரிய வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கும் விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பளிச்சென்று தெரியும்.

2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியை நினைத்துப் பாருங்கள். மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதல். நம் சென்னைப் பெண் வைஷாலி முதல் கட்டத்தில் 11 சுற்றில் 9.5 புள்ளி எடுத்து எல்லோருக்கும் மேலே நின்றார். காலிறுதியில் சீனாவின் ஜு ஜினரை வென்றார். அரையிறுதியில் கிளாசிக்கல் உலக சாம்பியன் ஜு வென்ஜுனிடம் தோற்று, வெண்கலத்தோடு வந்தார். அவர் தோற்றதும் சதுரங்கத்தில்தான். கடிகாரம் பிடுங்கிக்கொண்டது என்று யாரும் சொல்லவில்லை. தோல்வியிலும் ஒரு மரியாதை இருந்தது.

2019-இல் மாஸ்கோவில் ஹம்பி உலக ரேபிட் பட்டம் வென்றதும் பிளிட்ஸ் டை பிரேக்கில்தான். சீனாவின் லெய் டிங்ஜியிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, இரண்டாவதை வென்று, அர்மகெடானில் பட்டத்தைப் பிடித்தார். குழந்தை பெற்ற பின் ஆட்டத்திலிருந்து விலகி இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த மன உறுதியை அளக்க பிளிட்ஸை விட நல்ல அளவுகோல் எது? எனவே வேகம் எனக்குப் பிரச்சினை இல்லை. யோசிக்க அரை நொடிகூட விடாத கடிகாரத்தை வைத்துப் பட்டம் கொடுப்பதுதான் பிரச்சினை.

இதற்கு என்னென்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

முதல் பதில், "இருவருக்கும் ஒரே விதிதானே?" ஆமாம், ஒரே விதிதான். இருவரையும் கண்ணைக் கட்டி ஓடவிட்டாலும் ஒரே விதிதான். சமமான விதி என்பது ஆரம்பத் தகுதி மட்டுமே. அந்த விதி எதை அளக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் வேண்டும்.

இரண்டாவது, "கால்பந்தில் பெனால்டி ஷூட் அவுட் இல்லையா?" இருக்கிறது. ஆனால் அங்கேயும் பந்தைக் காலால்தான் அடிக்கிறார்கள், கோல் கீப்பர் கையால்தான் பிடிக்கிறார். கால்பந்தின் ஒரு துண்டு அது. காயை எடுத்து வைக்கும் வேகம் செஸ்ஸின் துண்டு இல்லை.

மூன்றாவது, ஏற்பாட்டாளர்கள் சொல்வது. "கூடுதல் நொடி கொடுத்தால் ஆட்டம் எப்போது முடியும் என்றே தெரியாது, அடுத்த சுற்று தாமதமாகும்." இதற்குக் கணக்கு டீச்சர் பதில் சொல்கிறேன். கூடுதல் நொடி இல்லாத 5 நிமிட ஆட்டம் இருவருக்கும் சேர்த்து 10 நிமிடத்தில் முடியும். 3 நிமிடத்தோடு 2 நொடி சேரும் ஆட்டம் 60 நகர்த்தல் போனால் என்ன? 60-ஐ 2-ஆல் பெருக்கினால் 120 நொடி, அதாவது 2 நிமிடம். ஆளுக்கு 5 நிமிடம், மொத்தம் அதே 10 நிமிடம்! ஆட்டம் இழுத்து 100 நகர்த்தல் வரை போனாலும் ஆளுக்கு 6 நிமிடம் 20 நொடி. மொத்தம் 12 நிமிடம் 40 நொடி. இரண்டே முக்கால் நிமிடத்துக்கும் குறைவான தாமதத்துக்குப் பயந்து ஒரு பிள்ளையின் பட்டத்தை அதிர்ஷ்டத்திடம் கொடுப்பீர்களா?

நான்காவது, "அப்படியானால் பட்டத்தைப் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே, இரினா கேட்டது சரிதானே?" இதில் நான் இரினா பக்கம் இல்லை. ஆட உட்காருவதற்கு முன்பு விதி இருவருக்கும் தெரியும். ஒப்புக்கொண்டு உட்கார்ந்த பிறகு, முடிவு வந்த பிறகு, விதியை மாற்று என்று கேட்பது அன்னாவுக்குச் செய்யும் அநியாயம். விதி மோசம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அடுத்த வருடத்துக்கு மாற்று என்று போராடலாம். நேற்றைய முடிவை மாற்று என்று கேட்கக்கூடாது.

இதே அளவுகோலை எல்லோருக்கும் வைக்க வேண்டும். நான் மேலே சொன்ன அதே நியூயார்க் போட்டியில், ஆண்கள் பிளிட்ஸ் இறுதியில் மேக்னஸ் கார்ல்சனும் இயன் நெபோம்னியாட்சியும் 2-2 என்று சமமானார்கள். அதன் பிறகு மூன்று ஆட்டம் டிரா. யாராவது ஒருவர் ஜெயிக்கும் வரை ஆட வேண்டும் என்பது விதி. இருவரும் பேசி, பட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கேட்டார்கள். ஃபிடே சரி என்றது. இரண்டு உலக சாம்பியன்கள்!

அதே நாள், அதே போட்டியில் பெண்கள் இறுதி. ஜு வென்ஜுனும் லெய் டிங்ஜியும். அவர்களும் நாலு ஆட்டத்தில் 2-2. ஐந்தாவது டிரா. பகிர்ந்து கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆறாவது ஆட்டமும் ஆடினார்கள். ஜு வென்ஜுன் ஜெயித்தார். 3.5-க்கு 2.5. ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி. விதிப்படி.

2008-இல் ஒரு பெண் பகிர்வைக் கேட்டபோது கிடைக்கவில்லை. அது சரிதான் என்றே சொல்கிறேன். 2024-இல் இரண்டு பெரிய ஆண் வீரர்கள் கேட்டபோது உடனே கிடைத்தது. அது தவறு என்றும் சொல்கிறேன். விதி என்பது ஆளைப் பார்த்து வளையும் மூங்கிலாக இருந்தால் அதற்கு விதி என்று பெயர் வைக்கக்கூடாது.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூனில் நார்வே போட்டியில் நம் குகேஷிடம் தோற்றதும் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. பிறகு குகேஷிடம் மன்னிப்பும் கேட்டார். "எவ்வளவு வெறியோடு ஆடுகிறார் பாருங்கள்" என்று ரசித்துப் பகிர்ந்தவர்கள் என் நட்பு வட்டத்திலேயே பலர். இரினாவின் காணொளியை அனுப்பினால் அதே நண்பர்கள் "என்ன பெண் இவள்" என்கிறார்கள். தோல்வி வலிப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இடத்தில்தான்.

இது தூர தேசத்து விவகாரம் இல்லை. பல வருடம் பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு போட்டியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முழு யானை கூட இருந்தும், நேரம் தீர்ந்து தோற்றாள். கூடுதல் நொடி இல்லாத கடிகாரம். எதிரில் இருந்த பிள்ளை அவள் அழுத்துவதற்கு முன்பே நகர்த்திக்கொண்டிருந்தது. அழுதாள். அங்கே இருந்த ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ளைங்கள கூட்டிட்டு வந்தா இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் அழுகை" என்றார். அடுத்த ஹாலில் ஒரு பையன் தோற்றுவிட்டு நாற்காலியை உதைத்தான். அதே பெரியவர், "ரோஷக்காரன், முன்னுக்கு வருவான்" என்றார். இரண்டு பிள்ளைகளிடமும் யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை. கடிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மாதிரி ஒரு தோல்வியோடு செஸ்ஸையே விட்டுப் போகிற பெண் பிள்ளைகள் உண்டு. பையனுக்கு அடுத்த வாரம் இன்னொரு போட்டி இருக்கும், அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுவார். பெண் பிள்ளைக்கு வீட்டில் கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்த ஒரு நாள் கிடைத்திருக்கும். அந்த ஒரு நாளை ஒரு மோசமான கடிகாரம் பறித்துக்கொள்ளக்கூடாது. இந்தப் பதிவை எழுத எனக்கு உள்ள ஒரே காரணம் இதுதான்.

டல்சா கதையில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி. பலரும் அந்தக் காணொளியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வருடம் நவம்பரில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் செஸ் ஒலிம்பியாட். அமெரிக்கப் பெண்கள் அணியில் இரினாவும் இருந்தார், அன்னாவும் இருந்தார். ஒரு நொடிக்காக மடல் எழுதிச் சண்டை போட்ட ஆறே மாதத்தில், ஒரே அணியாக உட்கார்ந்து ஆடி வெண்கலம் வாங்கினார்கள். பிறகு 2009-லும் 2011-லும் அன்னா அமெரிக்க சாம்பியன். 2012-இல் இருவரும் மறுபடி சமமாக வந்து, மறுபடி டை பிரேக். அதில் இரினா வென்றார். 2013-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம். 2020 வரை மொத்தம் எட்டு முறை அமெரிக்க சாம்பியன். இருவரும் ஒரு நொடியை விடப் பெரியவர்கள் என்று நிரூபித்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நிரூபிக்க இரண்டாவது வாய்ப்பு வராது.

எனவே பள்ளி, வட்டார, மாவட்ட அளவில் போட்டி நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் செஸ் பயிற்சியாளர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று. முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் கூடுதல் நொடி உள்ள கடிகாரம் வையுங்கள். டிஜிட்டல் கடிகாரம் விலை அதிகம்தான், எல்லாப் பலகைக்கும் வாங்க முடியாது. ஆனால் டை பிரேக் ஆட்டத்துக்கு ஒரே ஒரு கடிகாரம் போதும். அதுவும் இல்லையா, இலவசமாகக் கிடைக்கும் செஸ் கடிகாரச் செயலி ஒன்றை உங்கள் செல்போனில் இறக்கி மேசையில் வையுங்கள். நகர்த்தலுக்கு இரண்டு நொடி என்று குறித்தால் வேலை முடிந்தது.

இரண்டு. போட்டி தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி விதிகளைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். காயைத் தொட்ட கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். காய் சாய்ந்தால் உங்கள் நேரத்தில் நிமிர்த்த வேண்டும். நேரம் தீர்ந்தால் என்ன, எப்போது டிரா, யாரிடம் முறையிடுவது என்று எல்லாவற்றையும். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

மூன்று. தோற்ற பெண் பிள்ளை அழுதால் அழட்டும். தண்ணீர் கொடுங்கள். அழுது முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை மறுபடி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். "யானை கூட இருந்ததே, எங்கே நேரம் போச்சு?" என்று கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கிவிட்டால் அடுத்த போட்டிக்கும் வருவாள்.

உங்கள் ஊர்ப் போட்டிகளில் எந்தக் கடிகாரம் வைக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். பள்ளியில் செஸ் நடத்தும் ஆசிரியர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த போட்டிக்கு முன் அவர் படித்துவிட்டால் போதும்.